ஆரஞ்சு ஜூஸ்: கசக்காமல் பிழிய ஒரு வழிகாட்டி

ஆரஞ்சு ஜூஸ் போடுவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்களில் நானும் ஒருவனாகத்தான் இருந்தேன். பழத்தை உரித்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டினால் ஜூஸ். இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது? அந்த நினைப்பில்தான் ஒருநாள் எட்டுப் பழத்தை உரித்து, சுளைகளை விதையோடு ஜாரில் போட்டு, இரண்டு நிமிடம் நன்றாக ஓட விட்டேன். மூடியைத் திறந்தால் கழுத்துவரை நுரை. வடிகட்டி ஊற்றியபோது டம்ளரில் பாதிதான் ஜூஸ். வீட்டுக்கு வந்திருந்த சித்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. கொஞ்சம் சர்க்கரை இருந்தா எடு" என்றார். நாலு ஸ்பூன் போட்டும் கசப்பு அடங்கவில்லை.

மிச்சமிருந்த ஒரு பழத்தை உரித்துச் சுளையைத் தின்று பார்த்தேன். தேனாக இனித்தது. அப்படியானால் கசப்பைக் கொண்டுவந்தது பழம் இல்லை, நான்தான்.

ஆரஞ்சில் இனிப்பும் கசப்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. நடுவில் இருப்பது மெல்லிய சுவர். அந்தச் சுவரை இடிக்காமல் இனிப்பை மட்டும் வெளியே அழைத்து வருவதுதான் வேலை. பழம் வாங்குவதில் தொடங்கி மிச்ச ஜூஸை எடுத்து வைப்பதுவரை கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் பழத்தைப் பாருங்கள்

ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே ஆரஞ்சு நிறத் தோல். அதில் ஊசியால் குத்தியது போலத் தெரியும் புள்ளிகள் எல்லாம் எண்ணெய்ப் பைகள். பழம் உரிக்கும்போது கண்ணில் தெறித்து எரியவைக்கிறதே, அந்த எண்ணெய்தான். அதில் பெரும்பகுதி லிமோனீன் என்ற பொருள். ஆரஞ்சின் வாசனைக்கு அது முக்கியம். ஆனால் ஜூஸில் ஒன்றிரண்டு துளிக்கு மேல் போனால் தொண்டையில் காரலாக நிற்கும்.

தோலுக்கு உள்பக்கம் பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதி. அதற்கும் உள்ளே சுளைகள். ஒவ்வொரு சுளையையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. சவ்வைக் கிழித்தால் நூற்றுக்கணக்கான குட்டிப் பைகள், நீளமான முத்துகள் மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். சாறு இருப்பது அந்த முத்துகளுக்குள் மட்டும்தான். வெள்ளைப் பகுதி, சவ்வு, விதை ஆகிய மூன்றும் கசப்பின் பக்கம். விதைதான் இருப்பதிலேயே மோசம். ஒரே ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள், மிக்ஸியில் இருபது விதையை அரைத்தால் என்ன ஆகும் என்று உடனே விளங்கிவிடும்.

முத்துகளின் தோல் மிகவும் மெல்லியது. லேசாக அழுத்தினாலே உடைந்துவிடும். வெள்ளைப் பகுதியும் சவ்வும் அதைவிட உறுதியானவை. அளவாக அழுத்தினால் முத்து மட்டும் உடையும். அதற்கு மேல் அழுத்தினால் மற்றதும் கிழிந்து கசப்பு வரும். மிக்ஸி பிளேடுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கைக்குத் தெரியும்.

எந்தப் பழம், எத்தனை பழம்

ஜூஸுக்கென்றே பேர்போன வகை வலென்சியா. தோல் மெல்லியது, சாறு அதிகம், விதை கொஞ்சம். உலகம் முழுக்க ஜூஸ் தொழிற்சாலைகள் அதிகம் நம்பியிருப்பது இதைத்தான். அடுத்தது நேவல். அடிப்பக்கம் தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும், உரித்தால் அந்த இடத்தில் வளராத குட்டிப் பழம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விதையே கிடையாது, அதனால் மரத்தை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். உரித்துத் தின்ன இதற்கு இணை கிடையாது. ஜூஸ் போடலாம், ஆனால் பிழிந்தவுடனே குடித்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். தோல் தளர்ந்து எளிதாக உரிகிற கமலா ஆரஞ்சும் பிழியலாம், இனிப்பும் உண்டு. ஆனால் தோலுக்கும் சுளைக்கும் பிடிப்பு இல்லாததால் கையில் வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் பொறுமை வேண்டும். உள்ளே சிவப்பாக இருக்கும் ரத்த ஆரஞ்சு கிடைத்தால் நிறத்துக்காகவே ஒருமுறை பிழிந்து பாருங்கள்.

கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆரஞ்சுத் தோல் ஆரஞ்சு நிறத்துக்கு மாறக் குளிர்ந்த இரவுகள் தேவை. வெப்பமான இடங்களில் விளையும் பழம் நன்கு பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். வலென்சியா வகையில் நிறம் மாறிய பழம் வெயில் காலத்தில் மரத்திலேயே மறுபடி பச்சை ஓடுவதும் உண்டு. ஆகவே பச்சையாக இருப்பதாலேயே காய் என்று ஒதுக்க வேண்டாம். பளபளப்பையும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மேலே பூசிய மெழுகு.

நம்ப வேண்டியது எடையைத்தான். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கையிலும் தூக்கிப் பாருங்கள். எது கனக்கிறதோ அதில் சாறு அதிகம். பெரிதாக இருந்தும் கை லேசாக உணர்ந்தால், தோல் தடிமனாக இருக்கும் அல்லது உள்ளே வற்றிப் போயிருக்கும். தோல் மேடு பள்ளமாகத் தடித்திருப்பதைவிட ஓரளவு வழுவழுப்பாக, மெல்லியதாக இருப்பது நல்லது. அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். ஆனால் விரல் அமுங்கிப் போனால் அந்தப் பழம் வேண்டாம். காம்பு இருந்த இடத்தில் ஈரமோ பூஞ்சையோ தெரிந்தாலும் அப்படியே.

இன்னொன்று. மாம்பழம், வாழைப்பழம் போல ஆரஞ்சு பறித்த பிறகு பழுக்காது. புளிப்பான பழத்தை வாங்கி நாலு நாள் வைத்தால் இனிக்கும் என்று காத்திருந்தால் வாடிப்போன புளிப்புப் பழம்தான் கிடைக்கும். முடிந்தால் கடையில் ஒரு சுளை தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எத்தனை பழம் வேண்டும்? நடுத்தர அளவுப் பழம் ஒன்றில் ஏறக்குறைய 60 முதல் 90 மில்லி வரை சாறு கிடைக்கும். 200 மில்லி டம்ளருக்கு மூன்று பழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கென்றால் பன்னிரண்டு வாங்கி, ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பையிலும் ஒரு வற்றல் பழம் ஒளிந்திருக்கும்.

வெட்டுவதற்கு முன்

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பழத்தை உடனே பிழியாதீர்கள். குளிர்ந்த பழம் விறைப்பாக இருக்கும், சாறு முழுதாக வராது. ஒரு மணி நேரம் வெளியே வைத்திருங்கள். அவசரமென்றால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள்.

அப்புறம் கழுவ வேண்டும். "தோலைத்தான் தூக்கிப் போடப்போகிறோமே, எதற்குக் கழுவணும்?" என்று எல்லோருக்கும் தோன்றும். கத்தி தோலைக் கடந்துதான் உள்ளே போகிறது. தோலில் இருக்கும் அழுக்கும் கிருமியும் அதோடு சேர்ந்து சாறுக்குள் போகும். 1999-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடுபடுத்தாத ஆரஞ்சு ஜூஸ் மூலம் சால்மொனெல்லா கிருமி பரவிப் பலர் நோய்வாய்ப்பட்டார்கள். புளிப்பான ஜூஸில் கிருமி இருக்காது என்று நாம் நினைப்பது தவறு என்பதற்கு இது போதும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் பழத்தைக் கையாலோ காய்கறி பிரஷ்ஷாலோ நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். பிறகு துணியால் துடைத்துவிடுங்கள், ஈரப் பழம் கத்திக்கு அடியில் வழுக்கும்.

துடைத்த பழத்தை மேடையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். சப்பாத்தி மாவு உருண்டையை உருட்டும் அழுத்தம் போதும். பத்துப் பன்னிரண்டு உருட்டலில் பழம் கைக்கு இளகிவிட்டது தெரியும். உள்ளே முத்துகள் கொஞ்சம் உடைந்து, சவ்வில் இருந்து பிரிந்திருக்கும். பாதி வேலை இங்கேயே முடிகிறது. தோல் வெடிக்கும் அளவுக்கு அமுக்க வேண்டாம்.

தோலைத் துருவி எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் உருட்டுவதற்கு முன்பே துருவிவிடுங்கள். பிழிந்த பிறகு தொளதொளவென்று கிடக்கும் தோலைத் துருவுவது விரலுக்குத்தான் ஆபத்து.

குறுக்கே வெட்டுங்கள்

காம்பு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் இருக்குமாறு பழத்தைப் படுக்க வைத்து, சரியாக நடுவில் குறுக்கே வெட்டுங்கள். காம்பில் இருந்து அடிவரை நெடுக்காக வெட்டினால் கத்தி இரண்டு சுளைகளுக்கு நடுவே சவ்வோடு இறங்கிவிடும். சுளைகள் மூடியே இருக்கும், பிழிந்தால் சாறு வர வழி இல்லை. குறுக்கே வெட்டும்போது எல்லாச் சுளையும் ஒரே நேரத்தில் வாய் திறக்கின்றன. வெட்டிய முகம் வண்டிச் சக்கரம் மாதிரித் தெரியும்.

கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெட்டாது, நசுக்கும்; சாறு பலகையில் ஓடிவிடும். பலகைக்குக் கீழே ஒரு ஈரத்துணியை விரித்துக்கொண்டால் நகராது. வெட்டிய பாதிகளில் மேலாகத் தெரியும் விதைகளைக் கத்தி முனையால் தட்டிவிடுங்கள். ஒரு பழத்தின் இரண்டு பாதியையும் நக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: காம்புப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிப்பு அதிகம். பந்தயம் வேண்டுமானாலும் கட்டலாம்.

பிழிவது

என் சிபாரிசு, நடுவில் கூம்பு எழும்பி அதில் வரிவரியாக முகடு ஓடும் கை ஜூஸர்தான். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் கிடைக்கும். கூம்பைச் சுற்றிப் பள்ளமும், விதையைத் தடுக்கும் பற்களும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எலுமிச்சைக்கென்று வரும் சின்னது ஆரஞ்சுக்குப் பற்றாது. கூம்பு பழத்தின் பாதியை ஏறக்குறைய நிரப்ப வேண்டும்.

பாதிப் பழத்தின் வெட்டிய முகத்தைக் கூம்பின் நுனியில் சரியாக நடுவில் வையுங்கள். உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். முதலில் திருகாமல் நேராகக் கீழே அழுத்துங்கள். கூம்பு நடுத்தண்டைப் பிளந்துகொண்டு உள்ளே போகும், பளிச்சென்று ஒரு பங்கு சாறு வழியும். இப்போது வலப்பக்கம் அரைத்திருப்பு, இடப்பக்கம் அரைத்திருப்பு. மறுபடி வலம், இடம். ஒவ்வொரு திருப்புக்கும் கையின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஒரு ஓரத்துக்குச் சாய்த்தால் சுற்றிலும் உள்ள எல்லாச் சுளையும் கூம்பில் படும். நாலைந்து திருப்பில் சாறு வழிவது நின்று சொட்டத் தொடங்கும்.

அங்கே நிறுத்திவிடுங்கள். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். பழத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம், இன்னும் ரெண்டு சொட்டு வருமே என்று கை தானாக அழுத்தும். கூம்பின் முகடு வெள்ளைப் பகுதியைத் தொட்டுவிட்டால் கையில் ஒரு வித்தியாசம் தெரியும். அதுவரை வழுக்கிச் சுற்றிய பழம் சட்டென்று கரகரவென்று பிடிக்கும். அந்தக் கரகரப்புக்குப் பிறகு வருவது சாறு இல்லை, கசப்பு. எடுத்துப் பார்த்தால் தோலுக்குள் சவ்வுகள் கிழிந்த குடைக் கம்பிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உட்புறம் வழித்தெடுத்தது போல வெள்ளையாகத் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதே கூம்பை மோட்டார் சுற்றும் மின் ஜூஸர் பத்துப் பழத்துக்கு மேல் பிழிகிறவர்களுக்கு வசதி. மோட்டாருக்குக் கரகரப்பு தெரியாது என்பதால் கையை இன்னும் லேசாக வைக்க வேண்டும். நெம்புகோலை இழுத்து அமுக்கும் பிரஸ் வகையில் தோலும் சேர்ந்து நசுங்குவதால் எண்ணெய் அதிகம் இறங்கும். வாசனை தூக்கலாக இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு அரை டம்ளருக்கு மேல் முடியாது.

கருவியே இல்லையா? ஒரு முள்கரண்டி போதும். வெட்டிய பாதியில் அதைச் செருகி, கிண்ணத்துக்கு மேல் பிடித்து, ஒரு கையால் பழத்தைப் பிழிந்துகொண்டே இன்னொரு கையால் முள்கரண்டியைத் திருகுங்கள். கையில் கீறலோ வெட்டுக்காயமோ இருந்தால் முதலில் பிளாஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆரஞ்சே அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால்

பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. மிக்ஸியிலும் நல்ல ஜூஸ் வரும், நான் முதல் தடவை செய்ததையெல்லாம் செய்யாமல் இருந்தால்.

தோலை உரித்த பிறகு சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைப் பொறுமையாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுளையின் உள்விளிம்பையும் கத்தியால் கீறி விதைகளைத் தள்ளிவிடுங்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஜாரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தொடர்ந்து ஓட விடாமல், விட்டு விட்டு அடிக்கும் பக்கம் திருகி, ஒரு நொடி ஓட்டி நிறுத்துங்கள். இப்படி மூன்று அல்லது நான்கு முறை. சுளைகள் உடைந்து சக்கையும் சாறுமாகத் தெரிந்தால் போதும், கூழாக வேண்டியதில்லை. நேரம் கூடக்கூடக் காற்று உள்ளே போய் நுரை எழும், சவ்வும் அரைபட்டுக் கசப்பு ஏறும். நுரை வந்துவிட்டால் பதற வேண்டாம். ஐந்து நிமிடம் அப்படியே வைத்தால் மேலே எழும்பி நிற்கும், ஸ்பூனால் வழித்துவிடலாம்.

வடிகட்டலாமா, வேண்டாமா

இது ருசியைப் பொறுத்தது. எனக்கு முத்துகள் நாக்கில் தட்டுப்பட வேண்டும். அதனால் கண் பெரிதான வடிகட்டியில் விதையை மட்டும் தடுத்துவிட்டு அப்படியே குடிப்பேன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தெளிவான ஜூஸ்தான் பிடிக்கும். டீ வடிகட்டியில் ஊற்றி, ஸ்பூனால் மெதுவாகக் கலக்கிவிடுங்கள், தானே இறங்கும். சக்கையை ஸ்பூனால் அமுக்கித் தேய்த்தால் மறுபடி அதே கசப்புக் கதைதான்.

பாத்திரம் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவானாலும் சரி. செம்பு, பித்தளை, அலுமினியம் வேண்டாம். ஆரஞ்சுச் சாறில் உள்ள புளிப்பு அந்த உலோகங்களைக் கரைத்து ருசியைக் கெடுக்கும், உடம்புக்கும் ஆகாது.

ருசி பார்த்துச் சரிசெய்வது

முதலில் எதுவும் சேர்க்காமல் ஒரு வாய் குடியுங்கள். நல்ல பழமாக இருந்தால் இங்கேயே வேலை முடிந்தது. பல் துலக்கிய கையோடு குடித்துப் பார்த்துவிட்டுப் பழத்தைத் திட்டாதீர்கள். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் நாக்கில் இனிப்பை மந்தமாக்கி, கசப்பைத் தூக்கிக் காட்டும். அரை மணி நேரம் கழித்து அதே ஜூஸ் வேறு ஜூஸாக இருக்கும்.

கொஞ்சம் கசக்கிறதா? சர்க்கரையை எடுக்கும் முன் உப்பை எடுங்கள். ஒரு டம்ளருக்கு, இரண்டு விரல் நுனியில் ஒட்டுகிற அளவுக்குத் தூள் உப்பு. உப்புச் சுவை தெரியக் கூடாது. உப்பில் உள்ள சோடியம் நாக்கில் கசப்பை அடக்கிவிடும், அடங்கியதும் பழத்தின் இனிப்பே முன்னால் வரும். சித்திக்கு அன்றைக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இதைத்தான்.

இனிப்பு மட்டும் இருந்து சப்பென்று இருந்தால் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ரொம்பப் புளித்தால் தண்ணீர் சேர்ப்பதைவிட நல்ல இனிப்புப் பழம் ஒன்றையோ இரண்டு கேரட்டின் சாறையோ கலப்பது மேல். இஞ்சி ஒரு சின்னத் துண்டு தட்டிப் போடலாம். புதினா இரண்டு இலை கிள்ளிப் போடலாம். பாலைக் கலந்து பார்க்கும் ஆசை வந்தால், புளிப்பில் பால் திரிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் விஷயத்தில் ஒரு யோசனை. ஐஸ் கட்டி கரையக் கரைய ஜூஸ் நீர்த்துப்போகிறது என்பது எல்லோருக்கும் உள்ள குறை. முந்தின நாள் கொஞ்சம் ஜூஸையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அந்தக் கட்டிகளைப் போட்டுப் பாருங்கள். கடைசி வாய்வரை ருசி மாறாது.

எவ்வளவு நேரம் வைக்கலாம்

பிழிந்ததும் குடிப்பதுதான் சிறந்தது. ஆனால் "பத்து நிமிடத்தில் சத்தெல்லாம் போய்விடும்" என்று சொல்வதை நம்பி அவசர அவசரமாக விழுங்க வேண்டாம். வைட்டமின் சி காற்றுப் பட்டால் குறையும் என்பது உண்மை. ஆனால் அது மெதுவாக நடப்பது. மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். முதலில் போவது வாசனைதான்.

பெரிய தொல்லை கசப்பு. நேவல் பழம் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான். முழுப் பழத்துக்குள் கசக்காத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தைப் பிழிந்து சுவர்கள் உடைந்ததும் அது சாறின் புளிப்போடு சேர்ந்து மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். மேலே சொன்ன தோல் எண்ணெய் லிமோனீன் வேறு, இது வேறு; பெயர்தான் குழப்புகிறது. பிழிந்த உடனே அமிர்தமாக இருந்த ஜூஸ் சில மணி நேரத்தில் கசப்பது இதனால்தான். நேவலில் இது அதிகம், வலென்சியாவில் குறைவு. ஆகவே எடுத்து வைக்கப்போகிறீர்கள் என்றால் வலென்சியா, உடனே குடிக்க நேவல்.

எடுத்து வைக்க மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில் நல்லது. கழுத்துவரை நிரப்பினால் உள்ளே காற்று குறைவாக இருக்கும். பிழிந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் முன்னால். நான் இரண்டு நாளுக்கு மேல் வைத்துக் குடிப்பதில்லை.

மறுநாள் எடுத்துப் பார்த்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீரும் கீழே வண்டலுமாகப் பிரிந்திருக்கும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள். பழத்தில் இயல்பாக உள்ள ஒரு நொதி, சாறில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளை மாற்றிவிடுவதால், மிதந்துகொண்டிருந்த துகள்கள் கீழே இறங்குகின்றன. கடைகளில் விற்கும் பாக்கெட் ஜூஸைச் சூடுபடுத்தி அந்த நொதியை அழித்துவிடுவதால் அது பிரிவதில்லை. நம்முடையதைக் குலுக்கிக் குடித்தால் சரி. உண்மையாகவே கெட்ட ஜூஸ் வேறு மாதிரி இருக்கும்: திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வரும், குமிழி எழும், புளித்த மாவு வாடை அடிக்கும். அதை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நிறைய பழம் மலிவாகக் கிடைத்துவிட்டதென்றால் உறைய வையுங்கள். ஐஸ் தட்டில் உறைந்த கட்டிகளை உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மூன்று நான்கு மாதம்வரை ருசி ஓரளவு தாங்கும். பாட்டிலில் உறைய வைப்பதென்றால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். உறையும்போது விரியும், கண்ணாடி பாட்டில் விரிசல் விட்டுவிடும். எனக்கு ஒரு பாட்டில் போயிருக்கிறது, ஃப்ரீசரைத் துடைத்தே ஒரு மாலை போனது.

யார், எவ்வளவு குடிக்கலாம்

200 மில்லி ஆரஞ்சு ஜூஸில் சுமார் 100 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஒருநாள் தேவைக்கு அது போதும். கூடவே 17 முதல் 20 கிராம் சர்க்கரையும் இருக்கிறது, நாம் ஒரு துளியும் சேர்க்காமலே. மூன்று பழத்தை உட்கார்ந்து உரித்துத் தின்ன நேரமாகும், வயிறும் நிறையும். அதையே ஜூஸாக அரை நிமிடத்தில் குடித்துவிடுகிறோம், நார்ச்சத்து பெரும்பாலும் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பழச்சாறில் உள்ள சர்க்கரையையும், நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில் வைக்கிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதார அறிவுரை ஒருநாளைக்கு 150 மில்லி. அது ஒரு சின்ன டம்ளர்தான். நானும் அந்த டம்ளருக்கு மாறிவிட்டேன்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஜூஸ் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எடுத்து வைத்த ஜூஸைத் தவிர்த்து, கழுவிய பழத்தில் அப்போதே பிழிந்ததை மட்டும் குடிப்பது நல்லது. அலர்ஜிக்குக் கொடுக்கும் ஃபெக்சோஃபெனடின் மாத்திரையை ஜூஸோடு விழுங்கக் கூடாது, மருந்து சரியாக உடம்பில் சேராது. தண்ணீரில் விழுங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு இது நேர்மாறு. வைட்டமின் சி அது உடம்பில் சேர உதவும்.

குடித்தவுடனே பல் துலக்க வேண்டாம். புளிப்பால் பல்லின் மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளகியிருக்கும். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

தோலும் கழுவுதலும்

பிழிந்து முடித்த தோல்களைத் தூக்கிப் போடும் முன் வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு வித்தை காட்டலாம். ஊதிய பலூனுக்கு அருகில் ஒரு தோல் துண்டை மடித்துப் பிழியுங்கள். தெறிக்கும் எண்ணெய் பட்டதும் பலூன் டப்பென்று வெடித்துவிடும். லிமோனீன் ரப்பரை இளக்கிவிடுவதுதான் காரணம். தெர்மோகோல் தட்டில் அதே எண்ணெயைத் தெளித்தால் குழி விழும். நல்ல தோலாக இருந்தால் வெள்ளைப் பகுதியைச் சுரண்டிவிட்டு மெல்லியதாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் போட்டும் எடுக்கலாம், ஆனால் அது தனிக் கதை.

ஜூஸரையும் வடிகட்டியையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குடிப்பதற்கு முன்பே குழாயடியில் காட்டினால் பத்து நொடி வேலை. ஜூஸைக் குடித்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால், வடிகட்டியின் ஒவ்வொரு கண்ணிலும் சக்கை காய்ந்து பசைபோல் ஒட்டியிருக்கும். அப்படி ஆகிவிட்டால் சுரண்ட வேண்டாம், வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பின்பக்கத்தில் இருந்து தேயுங்கள். முன்பக்கத்தில் தேய்த்தால் சக்கை கண்ணுக்குள் இன்னும் இறுகிப்போகும்.